பாசிக்குத் திருஷ்டி கழித்த வெள்ளிக்கிழமை

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை என் கணவர் இணையத்தில் வாங்கிய வாட்டர் ஜெட் வந்து சேர்ந்தது. ஜொகூர் பாருவுக்குப் பக்கத்து ஸ்கூடாயில் எங்கள் வரிசையில் அந்த இயந்திரம் இல்லாத ஒரே வீடு எங்களுடையது என்பது ஆறு மாதமாக அவருக்கு இருந்துவந்த மனக்குறை. வாரத்தில் ஐந்து நாள் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிற மனிதர் அவர். வாகன நெரிசலில் யாரையும் ஒன்றும் செய்யமுடியாமல் சேர்த்துவைத்த கோபத்தை வாரக்கடைசியில் வீட்டின்மேல்தான் காட்டுவார். முன்வாசலைக் கழுவினார், காரைக் கழுவினார், கார் நிற்கிற தரையைக் கழுவினார். கழுவ ஒன்றுமில்லாமல் போனதும் வீட்டின் பின்பக்கம் போனார்.

பின்சந்தில் ஓடுகிற லோங்காங் என்ற சாக்கடையின் சுவரை அவர் குறிபார்த்துக்கொண்டிருந்தபோது நான் காப்பியோடு போய்ச் சேர்ந்தேன். குனிந்து பார்த்தவள், "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். பாம்பு என்று நினைத்து அவர் ஒரு துள்ளுத் துள்ளினார்.

"என்னா லா?"

"அது பாசி இல்லைங்க."

"பச்சையா இருக்கு, வழுக்குது, லோங்காங்ல இருக்கு. பாசி இல்லாம வேற என்னா?"

நியாயமான கேள்வி. உலகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அப்படித்தான் கேட்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூட லேபில் குப்பி கழுவி ஓய்வு பெற்றவள் என்பதால் அந்த மிச்ச ஒருவராக நான் இருந்து தொலைக்கவேண்டியிருக்கிறது. முழங்கால் முணுமுணுக்க உட்கார்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. தட்டையான பச்சை நாடா, நுனியில் இரண்டிரண்டாகப் பிரிந்து சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. அதன் முதுகில் மிளகளவுகூட இல்லாத சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஆங்கிலத்தில் லிவர்வோர்ட், மலாயில் லூமுட் ஹாத்தி. அதாவது ஈரல் பாசி. ஈரல் மாதிரி இருக்கிறதாம். யாருடைய ஈரலோ, எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

கணவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வாங்கிவைத்திருந்த குளோரின் பாட்டிலைத் திறந்தார். தண்ணீரில் போகாதது இதில் போகும் என்பது அவர் கணக்கு. அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் பின்சந்திலிருந்து கிளம்பி யோங் பெங் பக்கம் ஒரு பள்ளிக்கூட லேபின் பின்சுவருக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. லேப் அசிஸ்டெண்ட் வேலை, தற்காலிகம். தற்காலிகம் என்பது மூன்று மாதம் ஆறு மாதம் என்று நீங்கள் நினைத்தால் நீங்கள் அரசாங்க வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். இரண்டு வருடமாகத் தற்காலிகமாக இருந்தேன். கன்ஃபர்ம் ஆனால் பென்ஷன்வரைக்கும் நாற்காலி. ஆகாவிட்டால், எங்கள் எஸ்டேட்டில் என்னோடு படித்த பெண்களெல்லாம் ஏறிப்போகிற விடியற்காலை ஃபேக்டரி பஸ். அந்த பஸ்ஸில் தூங்கித் தூங்கி அவர்களுடைய கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. வேறு பெரிய லட்சியம் எதுவும் கிடையாது.

லேபுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ரிப்பேர் பண்ணச்சொல்லி மூன்று முறை ஃபாரம் எழுதிக் கொடுத்தேன். மூன்று ஃபாரமும் எந்த அலமாரியில் சமாதியடைந்தனவோ தெரியாது. சுவர் வருடக்கணக்கில் ஈரமாகவே இருந்து, இடுப்புயரத்துக்குப் பச்சைப் பசேலென்று ஆனது. அரசாங்கம் பதில் போடாததால் உண்டான தோட்டம் அது.

அதை முதலில் கண்டுபிடித்தவர் பரமேஸ்வரி டீச்சர். ஆறாம் படிவத்துக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்புக்கு, பயாலஜி எடுத்தவர். என்னைவிட மூன்றே வயது மூத்தவர், ஜொகூர் பாருவில் அரசாங்க குவார்ட்டர்ஸில் வளர்ந்த சிலோன்காரர். எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்ததைத் தண்டனையாகவே எடுத்துக்கொண்டு, மறுநாளே திரும்பிப்போக மனுப் போட்டவர். சாதாரணமாக இங்கிலீஷ்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருவார். அதனால் எனக்கு அவருடைய தமிழ்தான் அதிகம் பழக்கம்.

பின்வரிசையில் பீக்கர் கழுவிக்கொண்டே அவர் பாடத்தை ஓசியில் கேட்டிருக்கிறேன். அந்தச் செடிக்கு வேர் கிடையாது, தண்டு கிடையாது, இலை கிடையாது. எல்லாம் ஒரே உடம்பு. அடியில் மயிர் மாதிரி தொங்குவதைப் பையன்கள் வேர் என்று எழுதினால் சிவப்பு மையால் வெட்டுவார். அது வெறும் பிடிமானம், ஒவ்வொரு மயிரும் ஒரே ஒரு செல். தண்ணீரை உள்ளே ஏற்றிக்கொண்டு போகக் குழாய் எதுவும் கிடையாது, அதனால் உயரமாக வளர வழியில்லை. பக்கத்தில் வளர்கிற மாஸ் பாசி தண்டும் இலையுமாக நிமிர்ந்து நிற்கிற பாவனையாவது செய்யும், பெரிய வீட்டுச் சொந்தக்காரன் மாதிரி. அதுவும் நிஜத் தண்டில்லை, நிஜ இலையில்லை. இது அந்தப் பாவனைகூடச் செய்யாது, கிடந்த இடத்தில் கிடக்கும்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதுகெல்லாம் கட்டம் கட்டமாகக் கோடு தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு துளை. மற்றச் செடிகளின் இலைத் துளைக்குக் கதவு உண்டு, வேண்டாதபோது மூடிக்கொள்ளும். இதற்கு எப்போதும் திறந்தேதான் இருக்கும். தண்ணீர் புகாத மெழுகுத் தோல் என்று சொல்லிக்கொள்ளும்படியும் எதுவும் இல்லை. மேலே என்ன விழுந்தாலும் உடம்பு முழுக்க அப்படியே வாங்கிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். நான் ஞாபகம் வைத்திருந்தும் பிரயோஜனப்படவில்லை, அது வேறு.

எனக்குப் பிடித்தது அந்தக் கிண்ணங்கள்தான். பார்த்தவுடன் ரப்பர் பால்மரத்தில் பால் வடியக் கட்டுகிற மங்கு ஞாபகம் வந்துவிட்டது. அம்மா பட்டையைச் சீவி, நெற்றி வெட்டிப் பால் எடுத்த மரங்களில் எல்லாம் அப்படித்தான் ஒரு மங்கு வாயைத் திறந்துகொண்டிருக்கும். மங்கில் மழை விழுந்தால் அன்றைய பால் போச்சு, கங்காணி முகம் கோணிப்போகும். இந்தக் கிண்ணத்துக்கோ மழை விழுந்தால்தான் பிழைப்பு. உள்ளே பச்சைத் துணுக்குகள் காத்திருக்கும். ஒரு மழைத்துளி நேராக உள்ளே விழுந்தால் அவை தெறித்து வெளியே போய், விழுந்த இடத்தில் புதுச்செடியாகும். எந்தப் பக்கமாக விழுந்தாலும் பரவாயில்லை, விழுந்தபிறகு வெளிச்சத்தைப் பார்த்து எது மேல்பக்கம் என்று முடிவு பண்ணிக்கொள்ளும். அந்த வசதி மனுஷர்களுக்கும் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் ஒரே வாரத்தில் இரண்டு காரியம் வந்து மோதின. திங்கட்கிழமை எங்கள் பள்ளிக்குத் தூய்மைப் போட்டி நடுவர்கள் வருகிறார்கள். புதன்கிழமை ஆறாம் படிவத்துக்குச் செய்முறைத் தேர்வு. தேர்வுக்கு என்னென்ன பொருள் வேண்டும் என்று முத்திரை வைத்த உறையில் பட்டியல் வரும். பிரித்தவர் அதை யாரிடமும் மூச்சுவிடக்கூடாது, தயார் செய்யவேண்டிய என்னைத் தவிர. டீச்சர் என்னை ஸ்டோர் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு காட்டினார். உயிருள்ள லிவர்வோர்ட், கிண்ணத்தோடு, ஆளுக்கு ஒரு துண்டு. இருபத்தாறு மாணவர்கள்.

"சுவரில கை வைக்க விடாதேங்கோ," என்றார் டீச்சர், தமிழில். "ஒரு துண்டு குறைஞ்சாலும் பிள்ளையளின்ட பரீட்சை போயிடும்."

"போலே, டீச்சர்," என்றேன்.

அரை மணி நேரத்தில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். அவர் எங்களைப்போலவே எஸ்டேட்டில் பிறந்து வந்தவர். லயத்து வரிசைவீட்டு வாசலில் ஓடுகிற சாக்கடை, பாசி படிந்த படி, இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர் சிலர் பின்னால் அதைப் பற்றி உருகி உருகிப் பேசுவார்கள். இவர் வெறுத்தார். மனப்பூர்வமாக, நேர்மையாக வெறுத்தார். அந்த வெறுப்பில்தான் படித்து மேலே வந்தாரோ என்னவோ.

"லேப் பின்னாடி சுவரு பச்சையா கெடக்காமே. நான் பாசியில வழுக்கி விழுந்து வளந்தவன்மா. என் ஸ்கூல்ல அது இருக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை எல்லாரும் சேந்து கோத்தோங் ரோயோங். குளோரின் ஊத்தித் தேய்ச்சிடணும், என்னா?"

"போலே, சார்," என்றேன்.

இந்த 'போலே' இருக்கிறதே, இது எங்கள் நாட்டுக்காரர்களுக்கே உரிய வியாதி. முடியும் என்று அர்த்தம். முடியுமா முடியாதா என்று யோசிப்பதற்கு முன்னால் வாயிலிருந்து வந்துவிடும். எதிரே நிற்பவர் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். 'ஆனால்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித் தீர்த்திருப்பார்கள். கன்ஃபர்மேஷன் ரிப்போர்ட் எழுதப்போகிறவரிடம் 'ஆனால்' என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகள் வாளியும் துடைப்பமுமாகக் கிளம்புவதற்குள், சுண்ணாம்புக் கரண்டியால் நாற்பது துண்டு மண்ணோடு பெயர்த்து இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில் எடுத்து டீச்சரிடம் காட்டிவிட்டேன். பத்து மணிக்குச் சுவர் வெள்ளை. இரண்டு வருடமாக வராத குழாய்க்காரரும் அன்றைக்கு வந்து ஒழுகலை அடைத்துவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டர் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகிவிட்டது.

என்னுடைய வாடகை அறை தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் அடுப்பு மாதிரி கொதிக்கும். அதனால் டப்பாக்களை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு எஸ்டேட்டுக்கு, அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். லயத்தின் பின்கட்டு எப்போதும் குளுகுளுவென்று இருக்கும்.

"என்னா பாப்பா, ஐஸ்கிரீமா?" என்று ஆசையாகத் திறந்த அம்மா, "அய்ய, பாசி!" என்றார்.

"தொடாதம்மா. ரகசியம்."

"பாசியில என்னாடி ரகசியம்?"

தேர்வு என்று சொல்லமுடியாது, சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன். "என் வேல இதுலதான் இருக்கு. திங்கக்கெழம வரைக்கும் இது உசுரோட இருக்கணும். இல்லன்னா ஃபேக்டரி பஸ்தான்."

அம்மா டப்பாக்களைச் சாமி படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். அதுதான் வீட்டிலேயே குளுமையான இடம் என்பதால் நானும் விட்டுவிட்டேன். இதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வந்து, அவர் போய் இன்னும் இரண்டு பேரை அனுப்பி, ஆளாளுக்கு மூடியைத் திறந்து பார்த்து, "இதுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்குறான்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் குளிக்கப் போனேன். மறுநாள் யோங் பெங்கில் ஒரு கல்யாணம், காலையில் போனவள் சாயங்காலம்தான் வந்தேன். டப்பாவைத் திறந்து அடிக்கடி காற்றுப் படவிடக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்ததால் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தேன். நாற்பது துண்டும் ஓரம் கறுத்து, வெந்த கீரை மாதிரி துவண்டு கிடந்தன. எல்லாவற்றின்மேலும் ஒரு மஞ்சள் பூச்சு. டப்பாவின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ கல். இருபத்தாறு பேருக்கு வருடத்துக்கு இருபது முறை 'லேபில் எதையும் வாயில் வைக்காதே' என்று சொல்கிற நான், விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும்போது உப்பும் மஞ்சளும் கரைத்து வீடெல்லாம் தெளிப்பது அம்மாவின் வழக்கம். யார் கண்ணாவது பட்டிருந்தால் கழியட்டும் என்று. அன்றைக்கு மூன்று பேர் வந்து கண் வைத்துவிட்டுப் போனது மகளின் வேலைமேல். சும்மா விடுவாரா? வீட்டுக்குத் தெளித்ததைவிட டப்பாவுக்கு இன்னும் இரண்டு கை தாராளமாகத் தெளித்திருக்கிறார். தோலில்லாத அந்தச் செடி, அவர் கொடுத்ததையெல்லாம் உடம்பு முழுக்க வாங்கிக்கொண்டது.

அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். "என்னா பாப்பா? வாடிருச்சா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது? "சூடு தாங்கலம்மா," என்றேன்.

அம்மா டப்பாவை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூரையில் செருகியிருந்த பால் வெட்டுகிற கத்தியை எடுத்தார். "வா எங்கூட."

லயத்துக் கடைசியில் ஒரு பழைய குளியல் தொட்டி உண்டு. வீட்டுக்கு வீடு பைப் வந்தபிறகு யாரும் அங்கே குளிப்பதில்லை. அதன் பின்சுவரில், வாழைமர நிழலில், பாய் விரித்தமாதிரி அது வளர்ந்திருந்தது. லேப் சுவரில் இருந்ததைவிடத் தடிப்பாக, கிண்ணம் கிண்ணமாக. சில இடத்தில் சின்னக் குடை விரித்தும் நின்றது. பெண் செடிக்குக் கம்பி கம்பியாகக் குடை, ஆண் செடிக்குத் தட்டையான குடை. இரண்டும் ஒரே செடியில் வராது, தனித்தனிக் குடித்தனம்.

"இதானே?"

"இதேதாம்மா."

"இதயா பஸ்ஸேறிக் கொண்டாந்த? ஆளுங்க வழுக்கி விழுறாங்கன்னு மாசாமாசம் நாந்தான் சுரண்டிக் கொட்டுறேன். சுரண்டுனா மறுபடியும் வந்துருது. ஒரேயடியா சாவணும்னா உப்பத்தான் அள்ளி..."

அங்கே நின்றுவிட்டார்.

நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் சுவரையே பார்த்தார். பிறகு கத்தியை வைத்து வெட்ட ஆரம்பித்தார். பட்டையில் காயம் படாமல் பால்மரம் வெட்டிப் பழகிய கை அது. ஒரு கிண்ணம்கூடச் சிதையாமல், அடி மயிர் அறாமல், நாற்பது துண்டு எடுத்துக் கொடுத்தார். சுண்ணாம்புக் கரண்டியால் நான் எடுத்ததில் பாதி கிழிசல்.

திங்கட்கிழமை நடுவர்கள் வந்தார்கள். கேண்டீனில் நாசி லெமாக் சாப்பிட்டார்கள், கழிப்பறையைப் பார்த்தார்கள், பூச்சட்டியைப் பாராட்டினார்கள். லேபின் பின்பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. பரமேஸ்வரி டீச்சர் டப்பாவைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கட சுவரில இருந்தது இவ்வளவு தடிப்பில்லையே?" என்றார். "நல்லாக் கவனிச்சுப் பார்த்துக்கிட்டேன், டீச்சர்," என்றேன். புதன்கிழமை இருபத்தாறு பேரும் வெள்ளைத் தட்டில் ஒரு துண்டு லூமுட் ஹாத்தியை வைத்துக்கொண்டு படம் வரைந்தார்கள். அதில் நான்கு பேர் மறுபடியும் வேர் என்று எழுதிவைத்தார்களாம்.

எனக்குக் கன்ஃபர்மேஷன் கடிதம் வந்தது. கிளார்க்கிடம் பிறகு விசாரித்ததில், என் ரிப்போர்ட்டை ஹெட்மாஸ்டர் அதற்கு முந்தின மாதமே எழுதி அனுப்பிவிட்டார் என்று தெரிந்தது. நான் பட்ட பாட்டுக்கும் அந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. அலமாக், என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

டீச்சர் ஜொகூர் பாருவுக்கு மாற்றல் கிடைத்துப் போய்விட்டார். ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்றார். அடைத்த குழாய் அடைத்தபடியே இருந்ததால் அந்தச் சுவர் பிறகு பச்சையாகவே ஆகவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் லிவர்வோர்ட்டைப் படத்தில் காட்டினார்கள், பிறகு திரையில் காட்டினார்கள். திரையில் அது நன்றாகத்தான் இருந்தது, தொட்டால் மட்டும் குளிராது. எஸ்டேட் கைமாறி லயத்தை இடித்தார்கள். நெடுஞ்சாலைக்குப் பக்கம் என்பதால் இப்போது அங்கே லாரி நிற்கிற கிடங்கு. தொட்டி இருந்த இடம் எது என்று போன வருடம் தேடிப் பார்த்தேன், சிமெண்ட் தரையில் எதை வைத்து அடையாளம் காண்பது?

அம்மா கடைசி ஒன்பது வருடம் ஸ்கூடாயில் எங்களோடுதான் இருந்தார். உப்பு மஞ்சள் தண்ணீரை விடவில்லை. என் பிள்ளைகளுக்குத் தெளித்தார், பரீட்சைப் புத்தகத்துக்குத் தெளித்தார், மாப்பிள்ளையின் புதுக்காருக்குத் தெளித்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் வாசலில் என் பூச்சட்டிகள் இருக்கும் பக்கம் வரும்போது மட்டும் சொம்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொள்வார். காலியான கையை இலைகளுக்கு மேலே குடை மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு துளி படாமல் தாண்டிப் போவார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். நானும் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. நான் கேட்டிருக்கலாம், அவர் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சிரித்து முடித்திருக்கலாம்.

"என்னா, இத விட்டுடவா?" என்றார் கணவர், குளோரின் பாட்டிலும் கையுமாக.

"ஒரு கை அகலம் மட்டும் விடுங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றி மிச்சச் சுவரையெல்லாம் வெள்ளையாக்கினார். நடுவில் அந்தப் பச்சை மட்டும் ஒட்டுப்போட்ட துணி மாதிரி நிற்கிறது. தினமும் போய்ப் பார்க்கிறேன். மழை பெய்கிறது, கிண்ணங்கள் நிறைகின்றன, புதிது புதிதாக முளைக்கிறது. நன்றாகத்தான் வளர்கிறது. அதற்கு உப்பு மஞ்சள் தண்ணீர் தெளிக்க இந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.